லொங்குய்ய் மெட்ரோவில் ஒரு ரூட் பியர் பாட்டில்

என் பை சீறுகிறது. மொன்றியலில் காலையிலிருந்து மூன்று கடைகளின் ரூட் பியர் என்ற வேர்மணக் குளிர்பானத்தைக் குடித்து மார்க் போட்டாயிற்று. ஐயோடெக்ஸைச் சோடாவில் கரைத்ததுபோல் இருந்ததற்கு ஐந்து, வெனிலா மணத்ததற்கு எட்டு. நான்காவது, சந்தையில் ஒருவர் வீட்டிலேயே ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தது. சூடானால் பாட்டில் உடையும் என்று சொல்லித்தான் விற்றார். நானோ அதை வெயிலில் சுமந்து சுற்றிவிட்டு மெட்ரோவில் ஏறியிருக்கிறேன். ரயில் ஆற்றுக்கு அடியில் ஓடுகிறது. எதிர் இருக்கையில் ஒரு குழந்தை. பையை வயிற்றோடு இறுக்கிக்கொள்கிறேன்.

ஏறும்போதே "தமிழோ?" என்று கேட்ட யாழ்ப்பாணத்து அண்ணை பக்கத்தில் இருக்கிறார்.

"பைக்குள்ள என்ன தம்பி சத்தம்?"

"ரூட் பியர்ணா. வெடிச்சிடும்போல இருக்கு."

அவர் முகம் மாறுகிறது. "உந்தச் சொல்லை இதுக்குள்ள சொல்லாதேங்கோ."

"தமிழ் இங்க யாருக்குண்ணா புரியப் போகுது?"

"எனக்கு விளங்குதுதானே."

கடைசி நிலையமான லொங்குய்யில் எல்லோரும் இறங்குகிறோம். நடைமேடைக் கோடிக்கு ஓடி, பாட்டிலை ஸ்வெட்டரால் சுற்றி, மூடியின் கம்பியை நெம்புகிறேன். டப்! நுரை முகத்தில் அடிக்கிறது. பாட்டில் உடையவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன். தூணுக்குப் பின்னால் அண்ணை தலையை இரு கைகளாலும் மூடியபடி குந்தியிருக்கிறார்.

"முடிஞ்சுதோ?" என்கிறார், கண்ணைத் திறக்காமல்.