மாமா பிளாஸ்டிக் சுற்றிய மாவு மில்

என் மாமாவுக்குக் குவைத்தில் ஏசி பழுது பார்க்கும் வேலை. அதனால் விடுப்பில் காரைக்காலுக்கு வந்தால், ஓடுகிற எந்த மிஷினையும் சும்மா விடமாட்டார். என் லாத்தாவின், அதாவது அக்காவின், கல்யாணத்துக்கு வந்தபோது அவர் கண்ணில் பட்டது மாமியின் மாவு மில்.

மில் அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. அரைத்த மாவு ஒரு நீளத் துணிப்பை வழியாகத் தகர டப்பாவில் விழும். மில் ஓடும்போது அந்தப் பை விருந்து சாப்பிட்ட வயிறு போல உப்பி நிற்கும். அதன் இழைகளுக்கு நடுவே மாவு புகையாகக் கசியும். மாமியின் புருவம்கூட வெள்ளைதான். பகலெல்லாம் இருமுவார், மில் சத்தத்தைப் போல அதுவும் எங்களுக்குப் பழகிவிட்டது. மாமாவுக்கு மட்டும் பழகவில்லை. மாமி இருமினால் அவர் மில்லை முறைப்பார்.

"இவ்வளவு மாவு காத்துல போவுது, யாரும் கேக்க மாட்டீங்களா?" என்றார்.

"மில்லுன்னா பறக்கத்தாங்க செய்யும்" என்றார் மாமி.

குவைத்தில் சம்பாதிக்கிறவர் பறக்கிற மாவுக்குக் கணக்குப் பார்க்கிறாரே, சரியான கஞ்சன் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவருடைய அக்காவான என் உம்மாவுக்கும் அதே எண்ணம்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பலகாரத்துக்காக ஊறவைத்து உலர்த்திய அரிசி மில்லுக்கு வந்தது. அந்த வீட்டுச் சம்பந்தி எதிலும் குறை கண்டுபிடிப்பவர் என்று உம்மா அந்த அரிசியை இரண்டு முறை கல் பொறுக்கியிருந்தார். மாமாவோ அன்று பார்த்து, துணிப்பையை மேலிருந்து கீழ்வரை தடித்த பிளாஸ்டிக் தாளால் சுற்றி இறுகக் கட்டிவிட்டார்.

முதலில் ஒரு துளி மாவும் பறக்கவில்லை. மாமா எங்களைப் பெருமையாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மில்லின் சத்தம் கரகரத்தது. என்னவென்று அவர் குனிந்து பார்க்க, அரிசி கொட்டும் வாய் மாவை அவர் முகத்திலேயே திருப்பி உமிழ்ந்தது. பின்னாலேயே தீய்ந்த வாடை வந்தது. மாமி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். டப்பாவில் இருந்த மாவு கைவைக்க முடியாமல் சுட்டது, நிறமும் பழுப்பேறியிருந்தது.

"மாப்புள வூட்டுக்கு இதையா அனுப்புறது?" உம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இன்று நான் இயந்திரவியல் பாடம் நடத்துகிறேன். மில்லுக்குள் சுழலும் தட்டு அரைப்பது மட்டுமில்லை, விசிறியாகவும் வேலை செய்கிறது. நடுவில் காற்றை இழுத்து ஓரமாக வீசுகிறது. உராய்வில் பிறக்கும் சூடு அந்தக் காற்றோடு துணி வழியே வெளியேறுகிறது. காற்றை அடைத்தால் சூடும் உள்ளேயே தங்கிவிடும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாமாவின் வெள்ளை முகம் நினைவுக்கு வந்து சிரித்துவிடுவேன்.

அன்று மாமி பிளாஸ்டிக்கைக் கிழித்தெறிந்துவிட்டுப் புது அரிசி ஊறவைத்தார். பலகாரம் தாமதமாகப் போனாலும் மானம் போகவில்லை. தீய்ந்த மாவில் உம்மா புட்டு அவித்து மாமாவுக்கே வைத்தார். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

விடுப்பு முடிந்து போனவர், ஊருக்கு வந்த ஒருவரிடம் மாமிக்கு ஒரு பார்சல் கொடுத்தனுப்பினார். சாக்லேட் என்று ஓடினேன். பெட்டி நிறைய மூக்கையும் வாயையும் மூடும் முகமூடிகள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாவு வீணாகிறதென்று அவ்வளவு ஆட்டம் போட்டவர், ஒரு பிடி மாவைக்கூடப் பிடித்து வைக்காத இதை எதற்கு வாங்கினார் என்றும் விளங்கவில்லை.

மாமி இருமிக்கொண்டே ஒன்றை எடுத்து மாட்டி மில்லைப் போட்டார். உள்ளே சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணோரத்தில் மட்டும் மாவு நனைந்திருந்தது.