பெயர் போடாத வாக்கியம்

டெல்ஃபின் மேயோ ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மில்வாக்கி நகரில் குறைவு. பதினோரு வருஷம் அவளோடு வேலை பார்த்த நானே விரல் விட்டு எண்ணிவிடுவேன். கூட்டம் நடத்தும்போது நடப்பாள், போன் பேசும்போது நடப்பாள். நான் கார் ஓட்டினால், பக்கத்து இருக்கையில் அவள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் அம்மாவே சொல்வாராம்.

எங்கள் பிழைப்பு அப்படி. எங்களிடம் வேலை பார்க்கும் கறுப்பு ஜனங்கள் ஏன் மேலே வருவதில்லை, ஏன் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள் என்று கம்பெனிகளே எங்களைக் கூப்பிட்டுக் கேட்கும். பதில் பெரும்பாலும் கேட்கிறவர் அறையிலேயே இருக்கும். அதை நேராகச் சொன்னால் அடுத்த வேலை வராது. சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. டெல்ஃபினுக்கு இரண்டும் வேண்டும், அதனால்தான் அத்தனை நடை.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், அவர்கள் சொன்னதை அறிக்கையில் தனியாகக் காட்டக் கூடாது. பெயரை எடுத்துவிட்டாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இந்தச் சட்டத்தை மீறி ஒரு அறிக்கைகூட எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போனதில்லை, ஏர்லீன் குட்லோவைப் பார்க்கும்வரை.

அந்த மார்ச் மாதம் நகருக்கு மேற்கே, உறைய வைத்த பீட்சா செய்யும் ஒரு ஆலையில் இருந்தோம். ஊழியர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசவைப்போம். டெல்ஃபின் கேட்பாள், நான் எழுதுவேன். மூன்றாம் நாள் ஏர்லீன் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, இரண்டாம் உற்பத்தி வரிசையில் பத்தொன்பது வருஷம். தலையில் போட்டிருந்த வலைத்தொப்பியைக் கழற்றி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பத்தொம்பது வருஷத்துல மூணு பேருக்கு நான் வேலை கத்துக்குடுத்தேன்," என்றார். "மூணு பேரும் எனக்கு சூப்பர்வைசர் ஆயிட்டாங்க."

டெல்ஃபின் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"என் பேரு எங்கயும் வரக்கூடாது. மே மாசம் ஒரு சூப்பர்வைசர் எடம் காலியாவுது. மனு போட்டிருக்கேன். இதான் கடைசித் தடவை. நான் போடப் போட அவங்க வாங்கி வச்சுக்கிறாங்க. நானும் மனுஷிதானே."

"சத்தியமா வராது, மிஸ் ஏர்லீன்."

பெயர் வரவில்லை. வாக்கியம் வந்தது, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில். நான் வேண்டாம் என்றேன். "மூணு சூப்பர்வைசருக்குக் கத்துக்குடுத்தவங்க அந்த ஆலையில ஒருத்தர்தான் இருப்பாங்க."

"அஞ்சு பேர் சட்டம் எண்ணிக்கைக்குத்தான். இது வெறும் வாக்கியம். பேரு இல்ல, வயசு இல்ல, வரிசை நம்பர் இல்ல," என்றாள். "நாப்பது பக்கம் எழுதுறோம். அவங்க மனசுல நிக்கப்போறது ஒரு வரி. இதான் அந்த வரி."

அவளுக்கு அந்த வரிமேல் ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் வந்திருந்தது. அதனால்தான் நான் சண்டையை வளர்க்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஏப்ரலில் நிர்வாகத்தின் முன் அறிக்கையை வைத்தோம். முதல் பக்கம் திரையில் வந்ததும் ஆலை மேலாளர் கிரெய்க் வோஸ்லர் முகம் மலர்ந்தார். "அட, இது நம்ம ஏர்லீன்," என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குரூரமான சிரிப்புகூட இல்லை. வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசும்போது வருகிற சிரிப்பு.

"யாரு சொன்னதுன்னு தேட நாம இங்க வரல," என்றாள் டெல்ஃபின். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஏர்லீனின் எண்ணை அழுத்துவாள், மணி அடிக்குமுன் வைத்துவிடுவாள். வேலை முடியும் நேரமாகப் பார்த்து ஆலை வாசலுக்கு இரண்டு தடவை என்னை ஓட்டச் சொன்னாள். இரண்டு தடவையும் இறங்கவில்லை. "ஒருவேளை அவங்களுக்கு எதுவும் தெரியாம இருந்தா, நானே போய்ச் சொல்லிப் பயமுறுத்துன மாதிரி ஆயிடும்," என்றாள்.

"சொல்லாம இருந்தா கோழைன்னு ஆயிடும்," என்றேன். காரை எடுக்கச் சொன்னாள்.

மே நடுவில் கிரெய்க்கிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சூப்பர்வைசர் இடம் கோல்ட்டன் ரீஸ் என்பவனுக்குப் போயிருந்தது. இருபத்தேழு வயது, ஆலைக்கு வந்து இரண்டு வருஷம். அதே மின்னஞ்சலில் ஒரு நற்செய்தியும் இருந்தது. ஏர்லீன் குட்லோவை ஆலையின் முதல் ‘நல்லிணக்கத் தூதர்’ ஆக்கியிருக்கிறார்களாம். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், செய்தி மடலில் ஒரு புகைப்படம், வேலையும் சம்பளமும் பழையபடி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. வரும் செவ்வாய்க்கிழமை ஏர்லீன் எல்லோர் முன்னாலும் பேசுவார் என்றும் கிரெய்க் எழுதியிருந்தார். கடைசி வரி எங்களுக்கானது: உங்கள் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் சொன்னபடியே செய்திருக்கிறோம், நன்றி.

பதினான்காம் பக்கம் எங்கள் எல்லா அறிக்கையிலும் உண்டு. டெல்ஃபின் எந்தக் காலத்திலோ எழுதியதை வெட்டி ஒட்டிக்கொண்டே வந்தோம். ‘அனுபவமுள்ள ஊழியர்களைத் தூதர்களாக நியமிக்கலாம்.’ படிக்கிறவர்கள் சுலபமாக எதையாவது செய்து திருப்திப்படட்டும் என்று வைத்த வரி. திருப்திப்பட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏர்லீனின் சர்ச் அடித்தளத்தில் வாராவாரம் நடக்கும் மீன் வறுவல் விருந்து. நாங்கள் போனபோது அவர் மீன் துண்டுகளைச் சோளமாவில் புரட்டிக்கொண்டிருந்தார். டெல்ஃபின் கையில் கார் சாவியை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"மிஸ் ஏர்லீன், உங்க வார்த்தையை நான்..."

"தெரியும். நீங்க அறிக்கை வச்ச அன்னிக்கு மத்தியானமே மூணு சூப்பர்வைசரும் வந்து தோளைத் தட்டுனாங்க. ‘எங்களைப் பத்திப் பெருமையாச் சொன்னீங்களாமே’ன்னு."

"தப்பு என்னோடது. அந்தத் தூதர் யோசனையும் என்னோடதுதான்." டெல்ஃபினுக்குக் குரல் உடைந்தது.

"அழுது வைக்காத. நீ அழுதா நான் சமாதானம் சொல்லணும். அப்புறம் எனக்கு ரெண்டு வேலை ஆயிடும். கையைக் கழுவிட்டு வா, கோஸ் நறுக்கு."

டெல்ஃபின் நறுக்கினாள். ஏர்லீன் ஏப்ரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "செவ்வாக்கெழமை நான் பேச வேண்டியதை ஆபீசுலயே எழுதிக் குடுத்துட்டாங்க. ‘இந்த ஆலை என் குடும்பம்’னு ஆரம்பிக்குது. என் குடும்பத்தை எனக்குத் தெரியும், அதுல கிரெய்க் இல்ல. நீ வேற எழுது. என் பேரு போடு. நான் கத்துக்குடுத்த மூணு பேரு பேரும் போடு, எந்த வருஷம்னும் போடு."

"வேலைக்கே ஆபத்து வரலாம்."

"பேரு போடாம என்னைக் காப்பாத்திட்டியா? பேரு இல்லாதப்ப அது வெறும் வம்புப் பேச்சு, பொண்ணே. கேட்டுட்டுச் சிரிச்சாங்க. பேரோட சொன்னா பதில் சொல்லித்தான ஆவணும்."

டெல்ஃபின் கத்தியைக் கீழே வைத்தாள். கோஸ் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டு அங்கேயே நின்றபடி எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பின்சுவர் ஓரமாக டெல்ஃபின் போய் வந்துகொண்டிருந்தாள். ஏர்லீன் பேட்ஜ் குத்திக்கொள்ளவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல் வாசித்தார்.

"என் பேரு ஏர்லீன் குட்லோ. ரெண்டாயிரத்து அஞ்சுல டக் கெர்பருக்குக் கத்துக்குடுத்தேன். ரெண்டாயிரத்துப் பன்னண்டுல ஜெனா, ரெண்டாயிரத்துப் பதினேழுல லைல். வர்ற திங்கக்கெழமையிலேருந்து கோல்ட்டனுக்குக் கத்துக்குடுக்கச் சொல்லி போன வாரம் எனக்கு உத்தரவு வந்திருக்கு. நல்ல பையன், அவன் மேல எனக்குக் கோவம் இல்ல." தாளை மடித்தார். "செப்டம்பர்ல டக் ரிட்டயர் ஆவுறாரு. இனிமே நான் மனு போட மாட்டேன். கேக்கறேன். அந்த எடம் எனக்கு உண்டா இல்லையா?"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. டக் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கிரெய்க், இப்படிப்பட்ட நேரத்தில் எல்லா மேலாளர்களும் செய்வதைச் செய்தார். டெல்ஃபின் பக்கம் திரும்பினார்.

இந்த இடத்தில் அவள் சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். மனம் திறந்ததற்கு நன்றி சொல்வாள், எல்லோரையும் ஒரு மூச்சு இழுத்து விடச் சொல்வாள், அதோடு கூட்டம் ஆறிவிடும். அதற்குத்தான் அவளுக்குக் கூலி.

டெல்ஃபின் முன்னால் வந்தாள். ஏர்லீனுக்குப் பக்கத்தில், மேசை ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"எப்ப பதில் சொல்லுவீங்க, கிரெய்க்? தேதி சொல்லுங்க."

"இதெல்லாம் மேலிடத்துல கேட்டுத்தான்..."

"கேளுங்க. கேட்டுட்டு என்னிக்குச் சொல்லுவீங்க?"

அடுத்த வேலை போயிற்று என்று நினைத்தேன். போனதும் உண்மைதான், அந்த ஆலை எங்களை மறுபடி கூப்பிடவில்லை. ஆனால் அன்று அத்தனை பேர் பார்க்க, கிரெய்க் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஜூன் ஒம்பது."

‘ஜூன் 9. பதில் சொல்ல வேண்டியவர், கிரெய்க் வோஸ்லர்’ என்று டெல்ஃபின் எழுதினாள். எங்கள் காகிதங்களில் எப்போதும் ‘சிலர் உணர்கிறார்கள்’ என்றிருக்கும், ‘நிர்வாகம் பரிசீலிக்கலாம்’ என்றிருக்கும். பெயர் விழுந்தது அன்றைக்குத்தான்.

ஏர்லீன் எட்டிப் பார்த்தார். "யாருக்குப் பதில் சொல்லணும்னு எழுதலியே. என் பேரையும் பக்கத்துல போடு," என்றார்.

டெல்ஃபின் போட்டாள். மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.