குமரேசன் அண்ணன் தேடிய இன்னொரு வண்டி

குமரேசன் அண்ணன் நேற்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, திங்கட்கிழமை ஆபீஸுக்கு எப்படிப் போவேன் என்பதுதான். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் இங்கே மற்றவர்கள் போஸ்ட்டுக்கு லைக் போட்டுவிட்டுப் போகிறவள். ஆனால் அவரைப் பற்றி எழுத வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அண்ணனுக்கு எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்தில் இட்லி மாவு வியாபாரம். அவர் மனைவி தேவகி அக்கா அரைப்பார். அண்ணன் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, படூர் அபார்ட்மெண்ட் கடைகளுக்குத் தன் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அதே வண்டியில்தான் எங்கள் தெரு ஷாலினியும் நானும் படூருக்கு வேலைக்குப் போய் வந்தோம். நாங்கள் கொடுப்பது டீசலுக்கு.

"குமரேசன் வண்டின்னா போய் வா." அப்பா எனக்குக் கொடுத்த அனுமதி அவ்வளவுதான். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான்... ஆனாலும் இரண்டு பஸ் மாறி, இருட்டியபிறகு வீடு திரும்பும் வேலை என்றால் வேண்டாம் என்றுவிடுவார்.

அந்த வண்டி ஒரு ஸ்டேஷன் வேகன். கார் மாதிரி தாழ்வாக, பின்னால் மட்டும் நீளமாக. டர்போ டீசல். பூஞ்சேரி தாண்டிவிட்டால் பெரிய பெரிய வண்டிகளையெல்லாம் சத்தமில்லாமல் முந்திப் போகும்.

அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. போன வருஷம் டர்போ தகராறு செய்ய ஆரம்பித்தது. செங்கல்பட்டு மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"அண்ணாத்த, இதுக்கு பார்ட்ஸு எங்கியும் கெடைக்கல. பேஜாரு பண்ணாம வேற வண்டி பாத்துக்கோ."

அண்ணனும் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. டிக்கி தனியாக இருக்கும் காரில் ஏசி பின்பக்கம் போகாது, மாவு பொங்கிவிடும். வேன் மெதுவாக உருண்டு கேளம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள்ளும் பொங்கிவிடும். உயரமான வண்டி என்றால் டிரம்மைத் தூக்கி வைக்க தேவகி அக்காவால் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனார். டெஸ்ட் டிரைவ் எஸ்யூவியின் பின்னால் மாவு டிரம்மை ஏற்றி வைத்தார்.

"இன்னா சார் இது?" என்றார் சேல்ஸ்காரர்.

"மாவு."

"டெஸ்ட் டிரைவ் உங்களுக்கு சார்."

"நான் எதுலனா குந்திகினு போவேம்பா. இதுதான் குந்தாது."

மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் அண்ணன் டிரம்மைத் திறந்து காட்டினார். "மேல ரொம்ப ஆடுது. மூடியாண்ட வந்துடுச்சு பாரு. வாணாம்பா."

ஷாலினி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சேல்ஸ்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல், யாரோ தெரியாதவர்களோடு வந்தவள் மாதிரி தள்ளி நின்றேன்.

"பாப்பா, நீ படிச்ச பொண்ணு. நெட்ல இதே வண்டி எங்கனா கீதா பாரு" என்று வாரம் ஒருமுறையாவது கேட்பார்.

பார்த்தேன். கேரளாவில் ஒன்று இருந்தது, விசாரிப்பதற்குள் விற்றுவிட்டது. அதைச் சொன்னபோது அண்ணன் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் லேசாக நிம்மதி.

மாவின் புளித்த வாசனை என் துப்பட்டாவில் ஏறிவிடும். ஆபீஸ் லிஃப்டில் யாராவது மூக்கைச் சுருக்கினால் என்னால்தான் என்று நினைத்துக்கொள்வேன். வாசனை இல்லாத வேறு ஏதாவது வண்டி வந்தால் போதும் என்றிருந்தது...

நேற்று செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வேறு வண்டி பார்க்க ஷாலினி புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினாள். பழைய குரூப்பில் அண்ணன் நம்பர் இருக்கிறதே, அக்கா பார்த்தால் கஷ்டப்படுவார் என்று. அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்கள் நாங்கள்.

படூர் போகும் ஒரு வேன்காரர் நம்பர் அதில் வந்தது. நான் சரி என்று கட்டைவிரல் எமோஜி போட்டேன்.

மத்தியானம் துக்கம் கேட்கப் போனோம். வண்டி வாசலில் நின்றிருந்தது. காலையில் ஏற்றிய டிரம்கள் அப்படியே உள்ளே... யாருக்கும் ஞாபகம் இல்லை. வெயிலில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, பின்கதவின் இடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷாலினி பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் துடைத்தேன்.

"இன்னா பொண்ணு, எழவு வூட்ல வண்டி கழுவிகினு கீற?" என்றார் ஒரு பெரியவர். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு டிரம்மை இறக்கிக் கொடுத்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரம்கூடக் காயாத கை.

"உங்கப்பாகிட்ட சொல்லு பாப்பா, பயப்பட வாணாம்னு. கருமாதி முடியற வரிக்கும் மாவு கெடையாது. ஆனா திங்கக்கெழம வண்டி வரும். என் தம்பி ஓட்டுவான்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க வேற வண்டிக்குப் பூட்டீங்கன்னா, டீசலுக்கு நான் இன்னா பண்ணுவேன்? வித்துட வேண்டிதான். அப்புறம் மாவு எதுல போகும்?"

"சரிக்கா" என்றேன். அப்போது என் போன் அதிர்ந்தது. வேன்காரர் ஏறும் இடத்துக்கு லொகேஷன் அனுப்பியிருந்தார். அக்கா அதைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அவர் பிடியிலிருந்து கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

இப்போது ஞாயிறு சாயங்காலம். ஷாலினி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், நான் எடுக்கவில்லை. நாளை அந்த வேனில் நான் ஏறப்போவதில்லை. அவளிடம் நேராகச் சொல்ல தைரியம் இல்லாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, வண்டியின் பின்பக்கம் கழுவிவிட்டோம். கதவின் ரப்பர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மாவு காய்ந்துபோய்விட்டது, எவ்வளவு தேய்த்தும் வரவில்லை.

போய் வாங்கண்ணா.