லைட் நூந்ததோ, பெட்டி நூந்ததோ

அஞ்சலோ பெட்டியின் மூடியைச் சாத்துகிறார். உதடு மட்டும் அசைய ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கிறார். ஆமென் வந்ததும் மூடியைத் திறக்கிறார். திரையில் வெளிச்சம் வருகிறது. “வந்திட்டுது” என்று சொல்லிக் கொப்பியில் ஒரு கோடு கீறுகிறார். மறுபடியும் சாத்துகிறார். நான் இருந்த அரை மணி நேரத்தில் நாற்பது கோடு விழுந்தது. அந்த முகத்தில் ஒரு தடவைகூடச் சந்தோசத்தைக் காணவில்லை.

“கோயிலுக்கு வராத மனிசன் பெட்டிக்கு முன்னால இருந்து செபமாலை சொல்லுது. மாதா பாவம், என்ன செய்வா?” குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி மாகிரட்டின் குரல் வந்தது.

“நேரம் கணக்காத் தெரியும், அதுதான்” என்றார் அஞ்சலோ.

பாலையூற்றில் எங்களுக்கு எதிர் வீடு. வயது நாற்பத்துமூன்று. மீன்பிடி வள்ளங்களுக்கு வழிகாட்டும் பெட்டி செய்கிற ஒரு சின்னக் கொம்பனிக்கு, சாரம் கட்டியபடி வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறார். பற்றறியை மிச்சம் பிடிப்பதற்காக மூடிய பெட்டி நித்திரைக்குப் போகும். திறந்து எழுப்பும்போது திரை பழையபடி வர வேண்டும். அந்த ஒரு காரியம்தான் அவர் பொறுப்பு. “இதுக்கெண்டு ஒரு ஆளோ?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது.

“திரையை ஆட்டுற சிப்புக்கு நித்திரையில எல்லாம் மறந்துபோம். எவ்வளவு வெளிச்சம், எந்த வயர், எத்தின புள்ளி, ஒண்டும் தெரியாது. நித்திரையாக முதல் நாங்கள் கேட்டு எழுதி வைக்கோணும். எழும்பினாப் பிறகு ஒண்டொண்டாச் சொல்லிக் குடுக்கோணும். ஒழுங்கு மாறிச்சுதோ, துலைஞ்சுது.”

அயலில் யாருடைய கணினி பழுதானாலும் அவரிடம்தான் வரும். ஒருநாள் தயாளினி ரீச்சர் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணை, நூந்து போச்சு” என்றார்.

“லைட் நூந்ததோ, பெட்டி நூந்ததோ?”

“நூந்தா நூந்ததுதானே!”

“ரெண்டும் ஒண்டில்ல ரீச்சர். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.” குரல் உயர்ந்துவிட்டது. ரீச்சருக்கு முகம் கறுத்துப்போயிற்று. எங்கள் ஊரில் விளக்கு அணைந்தாலும் நூந்தது, அடுப்பு அணைந்தாலும் நூந்தது, கரண்ட் போனாலும் நூந்தது. இந்த மனிதருக்கு மட்டும் ஏன் இந்த விசர் என்று எனக்கும் எரிச்சல்தான். காரணத்தை அவர் சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் மாகிரட்டின் தம்பி சூசைப்பிள்ளை, இறக்கக்கண்டி முனாப்பின் வள்ளத்தில் இன்னும் இரண்டு பேரோடு கடலுக்குப் போனான். மழை இருட்டிக் கரை மறைந்துவிட்டது. சிக்னல் விட்டுவிட்டு வந்த ஒரு இடத்தில் இருந்து போன் எடுத்தான். “அத்தான், பெட்டி நூந்து போச்சு.”

எது நூந்தது என்று அஞ்சலோ கேட்கவில்லை. “பற்றறி முடிஞ்சிருக்கும். விடு, கரைக்கு வந்தாப் பிறகு பாப்பம்” என்றார். அவன் கரைக்கு வரவில்லை. திசை மாறி ஓடி, எண்ணெய் முடிந்து, ஐந்தாம் நாள் இன்னொரு வள்ளம் இழுத்துக்கொண்டு வந்தபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாம் நாள் அடித்த அலை சூசைப்பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

முனாப் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மாகிரட் கோயிலுக்குப் போயிருந்த நேரம். அஞ்சலோ பற்றறி ஏற்றினார், திரை வந்தது. சாத்தித் திறந்தார், வந்தது. விடாமல் சாத்திச் சாத்தித் திறந்தார். பதினேழாம் தடவை கறுப்பு. ரோச் லைட்டைச் சரித்துப் பிடித்துப் பார்த்தார். கறுப்புக்குள் மங்கலாகக் கடல் வரைபடம் தெரிந்தது, கரைக்கு வரும் கோட்டோடு. பெட்டி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. திரைக்குப் பின்னால் எரியும் லைட் மட்டும் நூந்திருந்தது.

“லைட் நூர முதல், எவ்வளவு வெளிச்சமெண்டு சிப்பிட்டக் கேட்டு எழுதியிருக்கோணும். நான் நூந்தாப் பிறகும் கேக்கிற மாதிரி எழுதி வைச்சிட்டன். அது பூச்சியம் எண்டு சொல்லியிருக்கு. எழும்பினாப் பிறகு நான் பூச்சியத்தையே திருப்பிக் குடுத்திருக்கிறன். எப்பவாவது ஒருக்காத்தான் அப்பிடி நடக்கும், அதால ஒருத்தருக்கும் பிடிபடேல்ல.” பிறகு சொன்னார்: “வள்ளத்தில ரோச் இருந்ததாம்.”

இதெல்லாம் எனக்குத் தெரியும். மாகிரட்டுக்குத் தம்பி போன் எடுத்ததுகூடத் தெரியாது. செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: “பற்றறி முடிஞ்சு போச்சாம். கடல் என்ர தம்பியைக் கொண்டுபோட்டுது.” பக்கத்தில் அஞ்சலோ நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திருத்தம் சரிவந்து மூன்று கிழமையாகிறது, இன்னும் அனுப்பவில்லை. மாரி விட்டு வள்ளங்கள் இறங்கிவிட்டன. நாற்பது வள்ளத்தில் அதே பெட்டி. அஞ்சலோ வள்ளச் சொந்தக்காரரான ஒவ்வொரு சம்மாட்டிக்கும் போன் எடுத்து, “மூடாதேங்கோ” என்று சொல்லிவைத்திருக்கிறார். மூடாவிட்டால் பற்றறி நிற்காது. “தம்பி, நாங்க எப்ப இந்தப் பெட்டிய நம்பிப் போறது?” என்று முனாப் கேட்கிறார். “இன்னும் கொஞ்சம் பாப்பம்” என்கிறார் இவர்.

அவர்களுடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தோடு ஒரு குறிப்பும் போக வேண்டும். என்ன பிழை, யார் எழுதியதில் வந்த பிழை என்று எழுதி, கடைசி வரியில் அந்தப் பிழையை முதலில் அறிவித்தவரின் பெயரைப் போட வேண்டும். குறிப்பு எல்லாச் சம்மாட்டிகளுக்கும் போகும். அங்கிருந்து இந்த வீட்டுக் குசினிக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த வரியை எழுத ஏலாமல்தான் மனிதர் கோடு கீறிக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நாற்பது வள்ளம் கடல்ல நிக்குது. இப்பிடிக் கீறிக் கீறி இன்னொருத்தனையும் சாக்காட்டப் போறியளோ?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன்.

அவர் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கணினியை இழுத்தார். அந்தக் குறிப்பை ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினார். அனுப்பினார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, “மாகிரட், இஞ்ச ஒருக்கா வாரும்” என்றார்.

மாகிரட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். இங்கிலீசை மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

“இதில ஏன் தம்பியின்ர பேர் கிடக்கு? அவன் உங்களுக்கு என்ன சொன்னவன்?”

அஞ்சலோ எழுந்தார். தான் இருந்த கதிரையை இழுத்து, மாகிரட் இருப்பதற்காக அவருக்குப் பின்னால் வைத்தார்.