போட்டோவுக்குச் சிரித்த பிகாஷ்

சுகாதார ஆய்வாளர் வேலையில் நோயைக் கண்டுபிடிப்பது பாதி, கண்டுபிடித்ததற்குப் போட்டோ காட்டுவது மீதி. வாட்ஸ்அப் குரூப்புக்குப் பயந்து பிழைப்பு நடத்தும் சக ஜீவன்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். கும்மிடிப்பூண்டியில் நான் பண்ணிய காரியத்தை வீட்டில்கூட இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

யாருக்கு முகாம்?

இரும்பு உருக்கும் மில் ஒன்றின் பின்னால் ஒடிசாக்காரர்கள் தங்கும் ஷெட். அங்கே காசநோய் முகாம். எங்களிடம் தமிழ் நோட்டீஸ் ஒரு கட்டு, ஆந்திரா எல்லை பக்கம் என்பதால் தெலுங்கு நோட்டீஸ் ஒரு கட்டு. ஒடியா? அது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காலை பதினோரு மணிக்கு மைக்கைப் பிடித்தேன். பகல் ஷிஃப்ட் ஆட்கள் மில்லில், நைட் ஷிஃப்ட் ஆட்கள் தூக்கத்தில். எழுப்பிவிட்ட ஆறு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினேன்.

மில் கேட் எதிரே மெஸ் நடத்தும் மேரி அக்கா ஓரமாக நின்று கேட்டார். இவர்களுக்குச் சோறு போட்டுப் போட்டே இந்தி கற்றவர். "சார், நீங்க பேசுனது எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுது. எனக்கு இருமலே கெடையாதே!"

ஒரே ஒரு வேண்டுகோள்

ஆளைக் காட்டியதும் அக்காதான். பிகாஷ், உலைப் பக்கம் வேலை, ஒரு மாதமாக இருமல். மெஸ் பெஞ்சில் உட்காரவைத்து அக்கா இந்தியில் விசாரித்தார், நான் எழுதிக்கொண்டேன். சளி எடுத்து அனுப்பினோம். காசநோய். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றேன். பிகாஷ் முகம் தெளியவில்லை. ஊரில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். இவர் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பெரிகிறது.

"நான் இருக்கேன், கவலைப்படாதீங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி தோளைத் தட்டினேன். அக்கா விடவில்லை. "கம்பெனிக்கு மட்டும் தெரியக் கூடாதாம் சார். வேற ஒண்ணும் அவன் கேக்கல. பாத்துக்கங்க."

கொஞ்சம் சிரிங்க

மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் மேலதிகாரி போனில் பிடித்தார். "போட்டோ எங்கய்யா?" அலறியடித்துக்கொண்டு மெஸ்ஸுக்கு ஓடினேன். பிகாஷ் கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தி, சிரிக்கச் சொன்னேன். இதுவும் வைத்தியத்தில் சேர்த்தி என்று நினைத்தாரோ என்னவோ, பாவம், நன்றாகவே சிரித்தார். பெயரையும் நோயையும் போட்டு எங்கள் வட்டார (பிளாக்) வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெட்கக்கேடு!

முகாமுக்கு அனுமதி வாங்கிய அன்று அந்த மில்லின் சேஃப்டி ஆபீசரை அதே குரூப்பில் சேர்த்தது நான்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அரைமணி நேரத்தில் அவரிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ். "ரொம்ப தேங்க்ஸ் சார். நல்ல நேரத்துல சொன்னீங்க, ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டோம்."

நம்பிப் போனவர்

மில் கேட்டில் நின்று போனில் சேஃப்டி ஆபீசரிடம் கெஞ்சினேன். மருந்து ஆரம்பித்தாயிற்று, கொஞ்ச நாளில் அடுத்தவருக்குப் பரவாது, தயவுசெய்து திரும்ப எடுங்கள் என்றேன். அவர் மசியவில்லை. ஷெட்டில் பிகாஷ் படுத்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிகாஷோ அதற்குள் ஊருக்கு ரயில் ஏற சென்ட்ரல் போய்விட்டார்.

மேரி அக்காவின் போனில் அவரைப் பிடித்து, ஊர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். செய்தும் கொடுத்தேன். காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரியும். போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "போவும்போது இன்னா சொன்னான் தெரியுமா? அந்த சாராண்ட சொல்லுங்க, அவரு பேசுனா வேலைக்குத் திரும்ப எடுத்துக்குவாங்கன்னான். உங்கள நம்பிக்கினு போறான் சார்."

அந்த மாத மீட்டிங்கில் எங்கள் பிளாக் போட்டோக்களில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன என்று மேடையில் பாராட்டினார்கள், கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.