கொலைச்சேவகனுக்கு வாழ்க்கைப்பட்டேன்

எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கும் செய்தியை அப்பா சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அர்ச்சியசிஷ்டம்மா தலைய வெட்னானே, அவனா?" என்பதுதான்.

"அவனேதான். ரயில்வே உத்தியோகம். கள்ளுக்கடைப் பக்கம் போவாதவன். வேற இன்னாடி வோணும்?" என்றார் அப்பா.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் வருஷா வருஷம் பாஸ்குத் திருநாளான ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரு வேதசாட்சியின் நாடகம் நடக்கும். ரோமாபுரி ராயன் காலத்துப் பெண் அவள். வேதத்தை மறுதலிக்க மாட்டேன் என்று சொல்லித் தலையைக் கொடுத்தவள். எழுத்து தெரியாத எங்கள் ஜனங்களுக்கு அர்ச்சியசிஷ்டர்களின், அதாவது புனிதர்களின், சரித்திரம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. துறைமுகக் கூலிகளும் கட்டுமரக்காரர்களும் ரயில்வே ஆட்களுமே நடிகர்கள். அர்ச்சியசிஷ்டம்மாவாக வருபவர் அச்சாபீஸில் வேலை பார்த்த ஒரு ஒல்லி மனிதர். அவள் தலையை வெட்டும் கொலைச்சேவகனாக வந்தவர்தான் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை. குட்ஸ் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்.

மற்றவர்கள் பாடுவார்கள், கையை வீசி வசனம் பேசுவார்கள். இவர் கடைசியில் வந்து சும்மா நிற்பார். அந்தப் பெண்ணைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே கூட்டத்தில் பாதி அழ ஆரம்பித்துவிடும். வாளை ஓங்கியதும் பெண்கள் எழுந்து நின்று, "கட்டைல போறவனே, உன் கை அழுவிப் போவ!" என்று கத்துவார்கள். ஒன்பது வயதில் நானும் ஒரு பிடி மண்ணை வாரி எறிந்தேன். அது அவர் காலில் பட்டதில் எனக்குப் பரம திருப்தி.

வேஷத்துக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாத மண்டு இவள் என்று நீங்கள் நினைக்கலாம். வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், அந்தக் கண்கள் ராத்திரி என் வீட்டுக்குள் இருக்குமே. மூன்று நாள் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், பிறகு திட்டிப் பார்த்தாள். கடைசியில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். அந்த வேஷத்தை அவர் விட்டுவிட வேண்டும். எங்கள் மாதாகோவில் சாமியார் முன்னால் வார்த்தை கொடுக்க வேண்டும்.

அப்பா வெட்கத்தோடு போய்ச் சொன்னார். மாப்பிள்ளை பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு சாமியாரின் பங்களாவுக்குப் போய், "வுட்டுட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று ஞாயிறு கோவிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று தலை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர் எவ்வளவு சாது என்று தெரிந்தது. அதட்டிப் பேசத் தெரியாது. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பூசைக்கு மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிறு தலைவலி என்பார், அடுத்த ஞாயிறு யார்டில் ஆள் இல்லை என்பார். பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலத்தில் அவர் ஒரு நாள்கூட ஒருசந்தி விரதம் பிடிக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

பாஸ்கு வந்தது, நாடகமும் வந்தது. இந்த முறை கொலைச்சேவகன் பீப்பாய்ப் பட்டறை ஆள் ஒருவன். மீசையை முறுக்கினான், வாளைச் சிலம்பம் மாதிரி சுழற்றினான், ஹோ ஹோ என்று சிரித்தான். கூட்டமும் கூடச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். அர்ச்சியசிஷ்டம்மா முட்டிபோட்டுக் கடைசி விருத்தம் பாடும்போது பின்வரிசையில் ஒருத்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை விழுந்தது. ஒருத்தரும் அழவில்லை.

நான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெற்ற தாயைப் புதைத்துவிட்டு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இன்னாய்யா, அந்த வேஷத்து மேல அவ்ளோ ஆசையா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்: "ஆசை இல்லமே. எனுக்குப் படிக்க வராது. கோயில்ல எல்லாரும் புஸ்தகத்தப் பாத்து ஜெபம் சொல்லசொல்லோ, நான் வாய மூடிகினு நிப்பேன். அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சிகினு கீதே, அப்பதான் எனுக்கு ஆண்டவரு கிட்டக்க கீறாருன்னு தோணும். ஒவ்வொரு தபாவும் வெட்டக் கூடாதுன்னு மனசு அடிச்சிக்கும். வெட்டிட்டு, படுதாவுக்குப் பின்னால போயி முட்டிபோட்டு அழுவேன். நாப்பது நாளு ஒருசந்தி இருந்து அதுக்குத்தான் போவேன். அதான் என் பூசை."

கொண்டவனிடமிருந்து கள்ளையும் பீடியையும் பிடுங்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நான் பிடுங்கியது அவருடைய வேதத்தை. அதை நினைத்து இரண்டு நாள் என்மேலேயே எரிந்து விழுந்தேன்.

"அந்த வேஷத்த மறுபடி போடுய்யா" என்றேன் மூன்றாம் நாள்.

"சாமியாராண்ட குடுத்த வார்த்த" என்று அதோடு முடித்துக்கொண்டார். அந்த விஷயத்தில் மட்டும் மனிதர் கருங்கல்.

நானே சாமியாரிடம் போனேன். அந்த வார்த்தையைக் கேட்டவள் நான், திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதை உன் புருஷனிடம் சொல் என்றார். நாடக வாத்தியாரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. "ஒன்னாலதாம்மா இந்த வருஷம் நாடகமே நாறிப்பூட்ச்சி" என்று நடுத்தெருவில் வைத்து விளாசினார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு யார்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். மாதக்கணக்கில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று காலையில் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வருஷ நாடகத்தின்போது எனக்கு ஏழு மாசம். பிள்ளைத்தாச்சி தலை வெட்டுவதைப் பார்க்கக்கூடாது என்று அம்மா தடுத்தாள். கேட்காமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வாள் பெட்டிப் பலகையில் செய்தது. வண்ணாரப்பேட்டையில் வாங்கிய ஈயத்தாளைக் கஞ்சிப் பசை தடவி ஒட்டியவளே நான்தான். அவர் வந்து நின்றார். தெருவில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அந்தப் பெண்ணை அவர் பார்த்ததும் எனக்குப் பலகையும் மறந்தது, பசையும் மறந்தது. வாள் ஓங்கியபோது கூட்டமே கத்த, நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். "பாவி! படுபாவி! நீ நல்லா இருப்பியாடா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

முகத்துச் சாயத்தைக் கழுவிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தின் இரைச்சலில் அவருக்கு என் குரல் கேட்கவில்லையாம்.

"நெசமாவா திட்டின?" என்றார்.

"நெசமாத்தான்யா. மனசார."

சோற்றில் வைத்த கையை எடுக்காமலே அழுதார். கல்யாணமாகி அன்றுதான் முதல்முறையாக என் எதிரில் அழுதார்.