வெறுதே ஆறு நாள்

ஐம்பத்தாறு வயதுவரை ஒரு காரியமும் இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், சீமந்தத்துக்குப் போயிருக்கிறேன், துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறேன். காசிக்குக்கூடப் போயிருக்கிறேன். அங்கே செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்து, இனி படகில் ஏறிக் கங்கையைப் பார்க்கலாம் என்று நினைத்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எங்கே போனாலும் என் பெட்டியில் முக்கால்வாசி மற்றவர்களுக்கான சாமான்தான் இருக்கும்.

அதனால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து, கணவரிடமும் மகளிடமும் அறிவித்துவிட்டேன். ஒரு ஊருக்குப் போகப்போகிறேன், போய் உட்காரப்போகிறேன், திரும்பி வரப்போகிறேன்.

மகள் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் உடனே போனை எடுத்து ஐரோப்பியச் சுற்றுலாக்களைக் காட்ட ஆரம்பித்தாள். பத்து நாளில் ஏழு நாடு. காலை ஒரு நாட்டில் பல் தேய்த்து, ராத்திரி இன்னொரு நாட்டில் படுக்கவேண்டும். அவள் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு படம் வந்தது. வெள்ளைச் சுவர்களுக்கு அடியில் நீலப்பட்டை தீட்டிய ஒரு பண்ணைவீடு, சுற்றிலும் மரங்கள். போர்ச்சுகலில் எவோரா என்ற பழைய கோட்டை நகரத்துக்கு எட்டு கிலோமீட்டர் வெளியே, மூன்றே மூன்று அறைகள் கொண்ட தங்கும் விடுதி. கீழே அந்த வீட்டுக்காரி எழுதியிருந்தாள்: 'இங்கே செய்வதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை.'

"இதுதான்," என்றேன்.

"அம்மா, இது வெறும் தோட்டமாக்கும். ஆறு நாள் அங்க போய் என்ன செய்யப்போறே?"

"வெறுதே இருக்கப்போறேன்."

வெறுதே என்பது சும்மா என்பதற்கு மலையாளிகளின் ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்த் தெருவில் மலையாளத்திலிருந்து வந்து குடியேறிவிட்ட சொல். என் கணவர் அப்போதுதான் செய்தித்தாளை இறக்கினார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் காரணம் எழுதிக் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"வெறுதே இருக்கறதுக்கு அத்தனை தூரம் போணுமா? இங்க இருந்தா ஆகாதா?"

"இங்க இருந்தா நீங்க காபி கேப்பேள்," என்றேன். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்தபோது போர்ச்சுகல்காரர்கள் மிளகைத் தேடிக்கொண்டு நம் கரைக்கு வந்த கதையை மனப்பாடம் செய்திருக்கிறேன். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் வந்து இறங்கினார்கள். நான் ஒன்பது மாதம் முன்பாகவே மின்னஞ்சல் அனுப்பி, வரலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரி என் வயதுக்காரி, சுருக்கமாக எழுதுகிறவள். அக்டோபர் கடைசி வாரம் மட்டும் ஒரு அறை இருக்கிறது, நவம்பரில் ஆலிவ் பறிப்பு தொடங்கினால் விடுதியை மூடிவிடுவேன், அடுத்த வருஷம் நடத்துவேனா என்று எனக்கே தெரியாது, முழங்கால் சரியில்லை என்று பதில் எழுதினாள். முழங்கால் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆறு இரவுகளுக்கு அன்றே பதிவு செய்தேன்.

ஜனவரியில் நடந்தது இது. அடுத்த மூன்று மாதமும் நான் எவோராவிலேயே குடியிருந்தேன். நகரத்து நடுவில் நிற்கும் பழைய ரோமானியத் தூண்களைப் பார்க்க எந்தப் பேருந்தில் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பேருந்து உண்டா, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா இரண்டு வேண்டுமா என்று எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அலுவலகத்தில் முப்பது வருஷம் மற்றவர்களின் கோப்புகளை நகர்த்தியவள் நான். எனக்கென்று திறந்த முதல் கோப்பு அது.

சித்திரை பிறப்பதற்கு முன் என் கணவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப் பஞ்சாங்கம் வாங்கி வருவது வழக்கம். வந்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, அந்த வருஷத்து விசேஷங்களைக் குறிப்பார். இந்த வருஷமும் குறித்துக்கொண்டே போனவர், ஐப்பசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க வா. உன் போர்ச்சுகல் என்னிக்கு?"

"அக்டோபர் கடைசி வாரம். ஏன்?"

"அதுல நாலாம் நாள் அப்பா ச்ராத்தமாக்கும்."

என் மாமனாரின் வருஷத் தெவசம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனவர். நான் அவரைக் கண்ணால் கண்டதில்லை. கல்யாணமான வருஷமே மாமியார் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார், அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம் நான்தான் சமைக்கிறேன். தெவசம் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. மாதத்தையும் திதியையும் பார்த்து வரும், வருஷத்துக்கு வருஷம் பத்து நாள், பதினொரு நாள் நகரும். போன வருஷம் நவம்பரில் வந்தது. இந்த வருஷம் நகர்ந்து வந்து என் ஆறு நாளின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"உனக்கு எப்படி மறந்தது?" என்று கேட்டார். எதிர்வீட்டு மாமியும் கேட்டாள், பிறகு தெருவே கேட்டது. எல்லாருக்கும் ஏதேதோ சமாதானம் சொன்னேன். உண்மை என்னவென்றால், பதிவு செய்த அன்று என் தலையில் தெவசமே இல்லை. அது இல்லாமல் இருந்தது சுகமாக இருந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. "போட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று பேனாவை மூடினார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. காஷ்மீர் எங்கள் வீட்டில் இருபது வருஷமாக அடுத்த வருஷமாகவே இருக்கிறது.

"அடுத்த வருஷம் கிடையாது. அந்த வீட்டுக்காரிக்கும் முட்டி சரியில்லை, எனக்கும் சரியில்லை. நான் போவேன்."

"ச்ராத்தத்துக்குப் பத்தினி பக்கத்துல வேணும். நீ இல்லாம எப்படிச் சரியாகும்?"

"அப்ப நீங்களும் வாங்கோ. அங்க வச்சுப் பண்ணுங்கோ."

வாய் தவறித்தான் சொன்னேன். ஆனால் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக் காரியங்களுக்கு வரும் வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியாருக்கு லண்டனிலும் துபாயிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வீடியோவில் மந்திரம் சொல்லிக்கொடுத்துப் பழகியவர்.

"தாராளமா பண்ணலாம் அண்ணா. பிராமணாளுக்கு இங்க நான் சாப்பாடு போட்டுடறேன். அங்க நீங்க தர்ப்பணம் பண்ணி, சமைச்சதுல ஒரு பிடி காக்காய்க்கு வச்சுட்டுச் சாப்பிடுங்கோ. காக்கா மட்டும் அங்க உண்டான்னு பாத்துக்கோங்கோ."

ஆகவே, போர்ச்சுகல் நாட்டு விடுதிக்காரிக்கு நான் ஒரு மின்னஞ்சல் எழுதவேண்டி வந்தது. உங்கள் வீட்டு முற்றத்துக்குக் காக்கை வருமா? இதை எப்படி எழுதினாலும் பைத்தியக்காரத்தனமாகவே இருந்தது. மூன்று தடவை அடித்துத் திருத்தி, கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இறந்துபோன மாமனாருக்கு வருஷத்துக்கு ஒருநாள் சமைப்போம், முதல் பிடி காக்கைக்குப் போகவேண்டும், அது சாப்பிட்டால்தான் நாங்கள் சாப்பிடுவோம். அடுப்பை ஒருநாள் தரமுடியுமா?

இரண்டு நாள் பதில் இல்லை. அறையை ரத்து செய்துவிட்டாள் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் எழுதினாள். காக்கை வீட்டருகில் வராது, தூரத்து வயலில் இருக்கும். ஆனால் கறுத்த தலையும் நீல இறகும் நீண்ட வாலுமாக ஒரு பறவைக் கூட்டம் தினமும் முற்றத்துக்கு வந்து அத்திப்பழத்தைத் திருடும். புத்தகத்தில் பார்த்தேன், காக்கை குடும்பம்தான். உங்கள் மாமனாருக்கு ஆட்சேபம் இல்லை என்றால் எனக்கும் இல்லை. அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

படித்துக் காட்டியபோது என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாத்தியாரிடம் போய் நீல இறகைச் சொன்னார். "பங்காளிதானே அண்ணா, போறும்," என்றாராம் வாத்தியார்.

எல்லாருக்கும் சந்தோஷம். கணவர் உற்சாகமாகச் சாமான் பட்டியல் போட ஆரம்பித்தார். எள், தர்ப்பை, பயத்தம்பருப்பு, உளுந்து, வெல்லம், பிரண்டையை இங்கேயே துவையலாக அரைத்து எடுத்துக்கொள்வது, பாகற்காயும் வாழைக்காயும் அங்கே கிடைக்குமா. மிளகு நூறு கிராம். மிளகாய் கூடாது. தெவசச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை, அது அந்நியச் சரக்கு, போர்ச்சுகல்காரர்கள் கொண்டுவந்து இறக்கியது என்பார்கள். அவர்கள் தேடிவந்த மிளகு மட்டும்தான் ஆகும். அதை நானே பெட்டியில் வைத்து அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று நினைத்தபோது முதலில் சிரிப்பாக வந்தது.

பட்டியல் இரண்டாம் பக்கம் போனபோது சிரிப்பு நின்றது. பட்டியலிலேயே பெட்டியில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. விடிவதற்கு முன் எழுந்து, தலைக்குக் குளித்து, மடிப்புடவை சுற்றிக்கொண்டு, பழக்கமில்லாத அடுப்பின் முன் நான் நிற்பது கண்ணில் தெரிந்தது. முந்தின நாள் அதற்கான கவலை, மறுநாள் பாத்திரம். ஆறு நாளில் மூன்று போயிற்று. அழுகை வந்தது. அழுது முடித்ததும் கூடத்துக்குப் போனேன்.

"நான் அங்க வருவேன். உங்க பக்கத்துல நிப்பேன், ஜலம் விடணும்னா விடுவேன். சமைக்க மாட்டேன்."

"பின்னே யாரு சமைப்பா?"

"அது எனக்குத் தெரியாது."

மூன்று நாள் அவர் செய்தித்தாளை இறக்கவில்லை. நான் காபி மட்டும் வேளாவேளைக்கு மேஜையில் வைத்தேன். நாலாம் நாள் மகளைக் கூப்பிட்டு வழக்கு வைத்தார். அவள் கழக்கூட்டத்திலிருந்து போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்தவள், பொறுமை இல்லை.

"அம்மாவுக்கு முடியாதுன்னா அப்பா செய்யலாமே. ச்ராத்தம் யாரோட அப்பாவுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்த் தோசை வார்த்துக்கொண்டாள்.

அவர் மறுபடி வாத்தியாரிடம் போனார். கூடாது என்று ஒரு வார்த்தை வாங்கி வரத்தான் போனார், எனக்குத் தெரியும். வாத்தியாரோ, பிள்ளை தன் கையால் சமைத்துச் செய்வது ரொம்ப விசேஷம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தடை வாங்கப்போன மனுஷன் அனுமதியோடு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"செரி. நான் சமைக்கறேன்," என்றார். "ஆனா ஒரு தடவை இங்க பண்ணிப் பாக்கணும்."

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒத்திகை நடந்தது. அவர் குளித்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். நான் கூடத்தில் ஒரு வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். முதலில் ஏதோ பாத்திரம் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. எண்ணெய் காய்ந்து புகை கூடம்வரை வந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, படித்த பக்கத்தையே மறுபடி படித்தேன். வாழைக்காய்க்குத் தோல் சீவவேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். பருப்பு எத்தனை விசில் என்று கேட்டார். குக்கர் கூடாது, உருளியில் வேகவையுங்கள் என்றேன். பெருமூச்சு கேட்டது.

பிறகு கொஞ்சநேரம் சத்தமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். கரண்டியில் ஒரு துளிக் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாயில வைக்கப்படாது!" என்று கத்திவிட்டேன். "தெவசச் சமையல்."

கை அப்படியே நின்றது. விதி அவருக்குத் தெரியாதது அல்ல. பித்ருக்களுக்குப் படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக்கூடாது; சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்தான். கையில் கரண்டியோடு அதை அவர் கேட்டது அன்றுதான்.

"அப்ப உப்பு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? ஒரு வருஷம்கூட நீ போட்டது கூடினதும் இல்லை, கொறஞ்சதும் இல்லையே."

"பயந்துண்டே போடுவேன். எலையில உக்காந்தவா மொதல் கவளத்தை முழுங்கற வரைக்கும் கதவுக்குப் பின்னால நின்னு அவா மொகத்தைப் பாத்துண்டிருப்பேன். யாரும் மொகம் சுளிக்கலேன்னா மூச்சு விடுவேன்."

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைக் கழுவினார். உப்பு ஜாடியைத் திறந்து ஒரு பிடி எடுத்து, பாதியைத் திரும்பப் போட்டு, மறுபடி கொஞ்சம் எடுத்தார். "நீ வந்து ஒரு தடவை சொல்லேன்," என்றார். எனக்கு எழுந்திருக்க வேண்டும்போல்தான் இருந்தது. "நீங்களே போடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினேன்.

ஒரு மணிக்கு இலை போட்டார். எனக்கு மட்டும்தான் போட்டார். உட்காருங்கள் என்றேன், கேட்கவில்லை. சாதம், பருப்பு, வாழைக்காய், கறுத்துப்போன பாகற்காய், மிளகுக் குழம்பு. பரிமாறி முடித்ததும் அடுக்களை வாசலுக்குப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குழம்பைப் பிசைந்து வாயில் வைத்து, மென்று, விழுங்கும்வரை அவர் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"சொல்லு," என்றார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

"உப்பு கூடிப்போச்சு," என்றேன். "கிளம்பறதுக்குள்ள இன்னும் ஏழு ஞாயித்துக்கிழமை இருக்கு."